பரணிலிருந்து இறங்கிய ஜப்பான் பேஸ்

மாமாவின் பேஸ் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கியபோது நான்கு கம்பிகளும் இழுத்துக் கட்டியபடியே இருந்தன. அவர் கடைசியாக மேடையில் வாசித்தது 1998-இல். அன்றைக்கு ராத்திரியே உறையில் போட்டுப் பரணில் ஏற்றியவர், சீக்கிரமே எடுக்கப்போகிறோம் என்ற நினைப்பில் கம்பிகளைத் தளர்த்தாமல் விட்டிருக்கிறார். உறையின் ஜிப்பை நான் திறந்தது 2022 செப்டம்பரில். 24 வருஷம் அந்த நெக், அதாவது கம்பிகள் ஓடும் கழுத்துப் பகுதி, வில்லாக வளைந்து இருட்டில் கிடந்திருக்கிறது.

"வேணும்னா எடுத்துக்கோடா. இல்லன்னா பழைய சாமான்காரன் வந்தா போட்டுடறேன்" என்றார் மாமா. திருச்சியில் வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை, அட்டைப் பெட்டியில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நான் பார்த்த மாமா அந்தக் கிட்டாரோடு நின்ற மாமாதான். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று அவர்களுடைய மெல்லிசைக் குழு எங்கே போனாலும் மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் வாசிப்பது காதில் தனியாகக் கேட்காது, நெஞ்சில் அதிரும். நிறுத்தினால்தான் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன். நான்கு மாதம், சனி ஞாயிறுகளில் மட்டும் வேலை. எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும், ஈயம் வைக்கத் தெரியும். தச்சு வேலை பழக்கமில்லை. அதனால் ஒவ்வொன்றையும் படித்து, வேறு மரத்துண்டில் செய்து பார்த்து, பிறகுதான் இதில் கை வைத்தேன். இதே போன்ற ஒரு கிட்டார் உங்கள் வீட்டிலும் கிடக்கலாம் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

இது ஃபெண்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் மாடலின் நகல். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஜாஸ் பேஸ் 1960-இல் வந்தது. இடுப்பு ஒரு பக்கம் தள்ளினாற்போன்ற பாடி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் என்ற பட்டை இருக்கும் இடத்தில் 38 மில்லிமீட்டராக ஒடுங்கிய நெக். சின்னக் கைகளுக்கு அந்த ஒடுக்கம் பெரிய உதவி. 1970-களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிட்டார்களை அப்படியே நகலெடுத்து உலகமெங்கும் அனுப்பின. நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோ ஊரில் மட்டும் மட்சுமோகு, ஃபுஜிகென் என்று இரண்டு பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. ஒரே தொழிற்சாலை பல பெயர்களில் செய்து கொடுக்கும். இறக்குமதி செய்பவர் சொல்கிற பெயரைத் தலையில் ஒட்டி அனுப்புவார்கள். 1982-இல் ஃபெண்டர் நிறுவனமே ஜப்பானில் தயாரிப்பைத் தொடங்கியபோது அந்த வேலையை எடுத்துச் செய்ததும் இதே ஃபுஜிகென்தான்.

பழைய ஜப்பான் நகல் வாங்கப்போகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 'வழக்குக் காலத்துக் கிட்டார்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்த வழக்கு 1977-இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்ஸனின் தாய் நிறுவனம் நார்லின், ஜப்பானின் ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மேல் போட்டது. விவகாரம் கிட்டார் தலையின் வடிவம். அதில் ஃபெண்டருக்கு வேலையே இல்லை. ஜாஸ் பேஸ் நகல் ஒன்றுக்கு அந்தக் காரணத்தைக் காட்டிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மாமா இதை 1979-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கினார். தலையில் இருந்த பெயர் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. நெக்கைப் பாடியோடு பிணைக்கும் உலோகத் தகட்டில் ஜப்பானில் செய்தது என்ற முத்திரை மட்டும் இருக்கிறது. பிக்கப்பைத் தூக்கிவிட்டுக் குழியில் டார்ச் அடித்தால் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் தெரிகின்றன. அசலில் இருப்பது ஆல்டர் அல்லது ஆஷ் மரம். நெக்கின் மேல் விரல் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டில் கட்டம் கட்டமாகப் பதித்த முத்துநிறப் பட்டைகள், 1966-க்குப் பிந்தைய அசலைப் பார்த்துச் செய்தவை. எந்தத் தொழிற்சாலை என்று தேடி நிறைய நேரம் செலவழித்தேன், விடை கிடைக்கவில்லை. பழுது பார்க்க அது தேவைப்படவும் இல்லை.

தேவைப்பட்டது வேறு. முதல் நாள் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் அளவுகளை மட்டும் எடுத்தேன். நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் வரை 432 மில்லிமீட்டர் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு). அதை இரண்டால் பெருக்கினால் கம்பி அதிரும் நீளம் 864, அதாவது 34 அங்குலம். அசலின் நீளமே இதற்கும் இருக்கிறது. நகல்களில் 30, 32 அங்குலமும் உண்டு என்பதால் கம்பி வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தபோது நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. அது கால் மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி இருந்தால் போதும். பின் பிக்கப்பில் சத்தமே இல்லை. டோன் குமிழைத் திருப்பினால் கரகரவென்று இரைச்சல். நட்டில் விரிசல். கம்பியை முறுக்கிச் ஸ்ருதி சேர்க்கும் நான்கு முடுக்குகளில் ஒன்று லொடலொடத்தது.

இந்தப் பட்டியலைத் தெரிந்த சிலரிடம் காட்டினேன். பெரும்பாலும் ஒரே பதில்தான். நகல்தானே, பிக்கப், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், முடுக்கு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டு. ஒருவர், ஃபெண்டர் ஸ்டிக்கரும் ஒட்டிவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கிட்டார் 19 வருஷம் இந்தச் சாமான்களோடுதான் வாசித்தது. மாமாவின் விரலுக்குப் பழகிய சத்தம் இதிலிருந்து வந்தது. கெட்டுப்போனதை மட்டும் சரி செய்வது, மற்றதைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்தேன். பெயரில்லாத தலை பெயரில்லாமலே இருக்கட்டும்.

கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, பின்பக்கத்துத் தகட்டின் நான்கு திருகாணிகளையும் எடுத்தேன். நெக்கை மெல்ல அசைத்து வெளியே இழுத்தபோது குழியிலிருந்து ஒரு சின்ன அட்டைத்துண்டு கீழே விழுந்தது. தீப்பெட்டி அட்டை. ஒரு விரல் அகலத்துக்குக் கத்தரித்து இரண்டாக மடித்தது. பல வருஷ அழுத்தத்தில் தகடு போல இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் சிவப்புச் சாயம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அது எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆனாலும் தூக்கிப் போடாமல் திருகாணி டப்பாவில் போட்டு வைத்தேன். டப்பா என்றதும் சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள், ஒவ்வொரு இடத்துத் திருகாணிக்கும் தனித் தனி டப்பா வையுங்கள். ஜப்பான் கிட்டாரில் மில்லிமீட்டர் அளவுத் திருகாணிகள் இருக்கும். ஒன்று தொலைந்தால் அமெரிக்க அளவில் வருவது அதில் ஏறாது.

நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கு ட்ரஸ் ராட் என்று பெயர். நான்கு கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, இது எதிர்ப்பக்கம் இழுத்து நெக்கை நேராக வைக்கிறது. இந்தக் கிட்டாரில் அதை முடுக்கும் நட் (கம்பி உட்காரும் நட் வேறு) நெக்கின் அடிப்பாகத்தில் இருப்பதால், ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்றினால்தான் கை போகும். எப்போதோ ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தபோது பொருந்தாத திருப்புளியைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகியதில் அதன் பிளவு மழுங்கியிருந்தது. அந்த நட்டைக் கழற்றி, சின்ன அரத்தால் பிளவைத் திரும்ப ஆழப்படுத்தி, மரைக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். அதற்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இந்த வேலையில் ஆத்திரப்பட்டால் ராட் முறிந்துவிடும். ராட் முறிந்தால் ஃப்ரெட்போர்டையே பெயர்த்தால்தான் மாற்ற முடியும்.

அதனால் கால் சுற்று மட்டும் திருப்பினேன். திருப்பும்போது நெக்கின் நடுப்பாகத்தை முழங்காலில் துணி வைத்து அண்டக்கொடுத்து, வளைவுக்கு எதிர்ப்புறமாக மெல்ல அழுத்திக்கொண்டேன். அப்படிச் செய்தால் ராட் அந்தச் சுமையைத் தனியாகத் தாங்க வேண்டியிருக்காது. பிறகு நெக்கை மாட்டி, கம்பியை முறுக்கி, ஒரு நாள் முழுக்க விட்டு, மறுநாள் அளந்தேன். மரம் உடனே பதில் சொல்லாது. இப்படிக் கால் கால் சுற்றாக ஐந்து வாரம். ஒன்றரை மில்லிமீட்டர் 0.35-க்கு வந்தது. அளக்கத் தனிக் கருவி இல்லையென்றால் விசிட்டிங் கார்டு போதும். அது கம்பியைத் தூக்காமல் உராய்ந்துகொண்டு நுழைந்தால் சரி.

நெக்கைத் திரும்ப மாட்டும்போது திருகாணியை நேரடியாக வலப்பக்கம் முடுக்காதீர்கள். முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டக்' என்று பழைய மரையில் இறங்கும். அது கையில் தெரியும். அங்கிருந்து முடுக்கினால் மரத்தில் புது மரை வெட்டாது, ஓட்டை தளராது. பிக்கப் திருகாணிகளில் இரண்டு ஏற்கெனவே தளர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தன. பல் குத்தும் மரக்குச்சியைப் ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டையில் அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாக வெட்டிவிட்டுத் திருகினேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

நெக் நேரானதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். ஆகவில்லை. பிரிட்ஜில் கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சேடில்களைத் தரைமட்டத்துக்கு இறக்கிய பிறகும் 17-ஆம் ஃப்ரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. தடித்த ஈ கம்பிக்கு 2.8-ம் மெலிந்த ஜி கம்பிக்கு 2.4-ம் இருந்தால் வசதியாக வாசிக்கலாம். பிரிட்ஜை மாற்றத்தான் வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டப்பாவில் கிடந்த அட்டை கண்ணில் பட்டது. அதை எடுத்து நெக் குழியின் உட்கோடியில், அது விட்டுப்போயிருந்த தடத்தின் மேலேயே வைத்து நெக்கை மாட்டினேன். ஓர் அட்டையின் கனம்தான். அது நெக்கின் அடியை ஒரு முடி அளவு உயர்த்த, தலைப்பக்கம் பின்னால் சாய்ந்தது. கம்பிகள் இறங்கின. சேடில்களைத் திரும்பக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது.

முழுக் குழியையும் நிரப்பும் மரச்சீவல் ஆப்பு வைப்பதுதான் முறை என்பார்கள். புதிதாகச் செய்கிறவர்கள் அப்படியே செய்யலாம். நான் அந்த அட்டையையே விட்டுவிட்டேன். ஆனால் பழைய கிட்டாரைத் திறக்கும் எல்லோருக்கும் இதை அழுத்திச் சொல்வேன்: உள்ளே கிடப்பது குப்பை போலத் தெரிந்தாலும், அதை அங்கே ஒருவர் ஏன் வைத்தார் என்று தெரியாமல் எறியாதீர்கள்.

ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட். அது தெரியாத அளவுக்குக் கருப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது. மாமா ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பாராம். அந்த எண்ணெய் காயாமல் நின்று, வியர்வையும் தூசியும் சேர்ந்து ஃப்ரெட் ஓரங்களில் களிம்பாக உறைந்திருந்தது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைத் துணியில் நனைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் ஓரங்களைத் தேய்த்தேன். பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. ஏழெட்டுத் துணி கருத்த பிறகு மரத்தின் செம்பழுப்பு வரிகள் வெளியே வந்தன. காய்ந்ததும் மினரல் ஆயில் நான்கு சொட்டு தடவி, பத்து நிமிஷத்தில் துடைத்து எடுத்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு முறை அவ்வளவு போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஃப்ரெட்களில் முதல் ஐந்தில் கம்பி பதிந்து பள்ளம். ஃப்ரெட்போர்டை மாஸ்கிங் டேப்பால் மூடி, ஃப்ரெட் ஒவ்வொன்றின் தலையிலும் மார்க்கரால் கோடு போட்டேன். நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துச் சரிபார்த்த ஓர் அலுமினியச் சட்டத்தில் 400-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எல்லா ஃப்ரெட்டிலும் மை அழியும் வரை நெடுக்காகத் தேய்த்தேன். மை எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். பிறகு தட்டையான தலைகளை முக்கோண அரத்தால் வளைவாக்கி, 600, 1000, 2000 என்று தேய்த்துக் கடைசியில் நைஸான ஸ்டீல் வூலால் பளபளப்பாக்கினேன். ஸ்டீல் வூலைக் கையில் எடுக்கும்போது பாடி வேறு அறையில் இருக்கட்டும். அதன் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. நான் ஒரு முறை கவனிக்காமல் விட்டு, டேப்பால் ஒற்றி ஒற்றி ஒரு மணி நேரம் எடுத்தேன்.

விரிசல் விட்ட நட்டுக்குப் பதிலாக எலும்பு நட் ஒன்று வாங்கித் தேய்த்துப் பொருத்தினேன். கம்பி உட்காரும் பள்ளம் வெட்டத் தனி அரங்கள் உண்டு, விலை அதிகம். வெல்டிங் கடையில் டார்ச் முனையைச் சுத்தம் செய்ய விற்கும் மெல்லிய கம்பி அரங்கள் ஜி, டி கம்பிகளுக்குப் போதும். ஈ கம்பி 2.54 மில்லிமீட்டர் கனம், அதற்கு உருட்டு ஊசி அரம். பள்ளத்தை ஒரேயடியாக ஆழமாக்கினால் புது நட்தான் வாங்க வேண்டும். ரெண்டு தேய், கம்பியை வை, பார், திரும்பத் தேய். அப்படித்தான் போக வேண்டும்.

முடுக்குகளுக்கு மண்ணெண்ணெய்க் குளியல், இரண்டு சொட்டு எண்ணெய், தளர்ந்த ஒன்றுக்கு அடித்திருகாணி முடுக்கு. அவ்வளவுதான் தேவைப்பட்டது. புதிது வாங்கச் சொன்னவர்கள் சொன்ன செலவு மிச்சம்.

இனி பிக்கப். எனக்கு இந்த வேலை முழுவதிலும் நெஞ்சுக்கு நெருக்கமான பகுதி இதுதான். முன் பிக்கப்பில் மின்தடையை அளக்க மல்டிமீட்டர் வைத்தால் 7.6 கிலோ ஓம் காட்டியது. ஜாஸ் பேஸ் வகைக்கு 7, 8 என்று காட்டினால் ஆரோக்கியம். பின் பிக்கப் எதுவும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பிக்கப் என்பது காந்தக் குச்சிகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று செப்புக் கம்பி. அந்தக் கம்பியின் கனம் 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. பலரும் அறுந்த பிக்கப்பை எறிந்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் கம்பி நடுவில் அறுவதில்லை. வெளி ஒயரோடு ஈயம் வைத்த முனையில்தான் வியர்வையும் ஈரமும் பட்டுப் பச்சை பூத்து அறுகிறது.

மூடியைக் கழற்றினேன். அடியில் இருந்த ஸ்பான்ஞ்ச் தொட்டதும் கருப்புத் தூளாக உதிர்ந்தது. மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து, பூதக்கண்ணாடியை ஸ்டாண்டில் பொருத்தி, சுற்றின் மேலிருந்த துணிப்பட்டையைப் பிளேடு நுனியால் அவிழ்த்தேன். ஈயப்பொட்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு அரை சென்டிமீட்டர் தள்ளி, கருஞ்சிவப்பாக ஒரு நூல் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. என் மூச்சுக் காற்றில்தான் ஆடுகிறது என்று தெரிந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டேன். அது வெளிச்சுற்றின் முனை. உட்சுற்றின் முனையாக இருந்திருந்தால் காயிலையே திரும்பச் சுற்ற வேண்டியிருக்கும். ஒரே ஒரு சுற்றை மட்டும் பிரித்து, நுனியில் இருந்த எனாமலை 2000-ஆம் நம்பர் தாளை மடித்து இரண்டே இழுப்பில் நீக்கினேன். ஈயம் தொட்ட முனையை ஒரு நொடி வைத்து எடுத்தேன். மீட்டரில் எண் ஓடி 7.4-இல் நின்றது. மணி ராத்திரி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. யாரை எழுப்பிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உதிர்ந்த ஸ்பான்ஞ்சுக்குப் பதிலாகச் செருப்புக் கடையில் கிடைக்கும் மிருதுவான ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்தேன். அது மேலே தள்ளினால்தான் திருகாணியைத் தளர்த்தும்போது பிக்கப் உயரும்.

மறுநாள் எல்லாவற்றையும் மாட்டி வாசித்தேன். தனித்தனியாக இரண்டு பிக்கப்பும் கனமாகப் பேசின. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் அடிச்சத்தமே காணாமல் போய், கொசு ரீங்காரம் போல மெலிந்தது. சரி செய்த பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி ஈயம் வைத்திருந்தேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, அதனால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஒயரை மாற்றி வைத்ததும் சத்தம் நிறைந்தது. ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பின் சுற்றும் காந்தமும் மற்றதற்கு எதிராக இருக்கும். அதனால் இரண்டையும் முழுதாகத் திறந்தால் ட்யூப்லைட் இரைச்சல் அடங்கும். ஒன்றை மட்டும் திறந்தால் கொஞ்சம் இரையும். அது பழுதில்லை.

வால்யூம் குமிழ்களின் அடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாட் இரண்டும் கான்டாக்ட் கிளீனர் அடித்து நாற்பது ஐம்பது தடவை திருப்பியதில் தெளிந்தன. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, படலம் தங்கிவிடும். டோன் பாட் தேறவில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் மூன்றாவது கடையில் 250 கிலோ ஓம் கிடைத்தது. பழைய பாட்டைக் கையோடு எடுத்துப் போனது நல்லதாயிற்று. ஜப்பான் கிட்டாரின் தகட்டில் ஓட்டை சின்னது, அமெரிக்க பாட் நுழையாது. தகட்டைக் குடைந்து பெரிதாக்காமல் சின்ன பாட்டாகத் தேடுங்கள். கப்பாசிட்டர் 0.047 மைக்ரோ ஃபாரட். பழையதே நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்புறம் எர்த். பிரிட்ஜின் அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு ஓர் ஒயர் ஓட வேண்டும், கம்பிகள் அதன் வழியாகத்தான் எர்த் ஆகின்றன. இதில் அது அறுந்திருந்தது. புது ஒயரின் முனையைப் பிரித்து விசிறி போலப் பரப்பி, பிரிட்ஜின் கீழ் அழுத்தித் திருகினேன். கம்பியில் ஒரு முனை, ஜாக்கின் வெளி உலோகத்தில் ஒரு முனை வைத்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். இது இரைச்சலை அடக்கும். கூடவே உங்கள் விரலை ஆம்ப்ளிஃபையரின் உடலோடு இணைக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய ஆம்ப், எர்த் இல்லாத பந்தல் இணைப்பு இரண்டும் சேர்ந்தால், மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிப்பதை மேடை ஏறிய பலரும் அனுபவித்திருப்பார்கள். அது உயிரையும் எடுக்கும். புது இடத்தில் வாசிக்கும் முன் டெஸ்டரால் கம்பியையும் மைக்கையும் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் இணைப்பைச் சரி செய்யும் வரை கிட்டாரை மாட்டாதீர்கள்.

பாடியின் மேல்பூச்சு தடித்த பாலியெஸ்டர். கார் பெயின்ட் கடையில் வாங்கிய ரப்பிங் காம்பவுண்டால் மங்கலை மட்டும் நீக்கினேன். மாமாவின் முன்கை பட்டுப் பட்டு மேல்விளிம்பில் ஒரு சாண் நீளம் பூச்சு தேய்ந்திருக்கிறது. அதைத் தொடவில்லை. தலையின் பின்பக்கத்தில் வருஷா வருஷம் வைத்த குங்குமம் மரத்தில் ஊறி ஒரு வட்டமாக நின்றிருந்தது. அதையும் தொடவில்லை. வேலை நடுவில் ஆயுத பூஜை வந்தது. நெக்கும் பாடியும் தனித்தனியாகக் கிடந்தன. அதே வட்டத்தின் மேல் புதுப் பொட்டு வைத்தேன்.

கடைசியாகக் கம்பிகள். நெக் இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது என்பதால் இழுவை குறைந்த 45-100 செட் போட்டேன் (ஜி, ஈ கம்பிகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). நவம்பர் மழையில் ஈரம் ஏறி நெக் திரும்பவும் அசைந்தது. இன்னொரு கால் சுற்று தேவைப்பட்டது. சென்னையில் இருப்பவர்கள் மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளப்பது நல்லது. பல மாதம் வாசிக்காமல் வைப்பதென்றால் கம்பிகளை இரண்டு மூன்று சுரம் இறக்கி வையுங்கள், முழுக்கத் தளர்த்த வேண்டாம். எல்லாம் சேர்த்து 7 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரிய செலவு கம்பிதான்.

ஜனவரியில், பொங்கலுக்குத் திருச்சி போனபோது கொண்டுபோனேன். புது வீட்டு ஹாலில் மாமா நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வாங்கினார். முன்கை நேராகப் போய் அந்தத் தேய்ந்த இடத்தில் படிந்தது. ஆம்ப்பில் இணைப்பதற்கு முன்பே கண்ணை நெக்கின் மட்டத்துக்கு இறக்கி, கம்பிகளை நீளவாக்கில் பார்த்தார்.

"கம்பி கீழதான் இருக்கு. அப்போ அந்த அட்டையை நீ எடுக்கலையா?"

"இல்ல மாமா. அதே இடத்துல வெச்சிருக்கேன். நீங்கதான் வெச்சீங்களா?"

"காரைக்குடில ஒரு ரிசப்ஷன். வேன்லேர்ந்து இறக்கறேன், கம்பி கையளவு தூக்கிட்டு நிக்குது. ஜெனரேட்டர் லைட்ல கழட்டி, டீக்கடைல ஒரு தீப்பெட்டி வாங்கி... குச்சியெல்லாம் அந்தக் கடைக்காரர்ட்டயே குடுத்துட்டேன்."

"அதுக்கப்புறம் மாத்தவே இல்லையா?"

"எதுக்குடா மாத்தணும்? நல்லாத்தானே இருந்துச்சு."

பின் பிக்கப்பின் குமிழை மட்டும் திறந்து ஏ கம்பியை ஒரு தட்டு தட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பிக்கப் மேடையிலேயே செத்துப்போனது என்று அப்போதுதான் சொன்னார். கடைசி நாலைந்து வருஷம் முன் பிக்கப் ஒன்றை வைத்தே ஓட்டியிருக்கிறார். திரும்பவும் தட்டினார். பிறகு முன் குமிழையும் திறந்து, ஈ கம்பியையும் ஏ கம்பியையும் மாறி மாறிக் கேட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ஈ கொஞ்சம் இறங்கியிருக்கு. இரு, ஸ்ருதி சேத்துக்கறேன்" என்று முடுக்கைத் திருகினார். அத்தை அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றாள்.